ஜூன் 1 முதல் வெளிநாட்டு நிபுணர் பாஸுக்குச் சம்பள வரம்பு உயர்வு: நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா?

செந்தூல்_தமிழன் (திங்கள், இரவு 9.10)

மலேசிய உள்துறை அமைச்சு 2026 ஜனவரியில் அறிவித்த மாற்றத்தைப் பற்றி இங்கே இன்னும் யாரும் பேசவில்லை. அதனால் நானே தொடங்குகிறேன். தெரியாதவர்களுக்காக முதலில் விவரம்.

வெளிநாட்டு நிபுணர்களுக்குக் கொடுக்கும் வேலை அனுமதியான எம்ப்ளாய்மெண்ட் பாஸில் மூன்று வகை உண்டு. முதல் வகைக்கு இதுவரை மாதச் சம்பளம் குறைந்தது 10,000 ரிங்கிட். 2026 ஜூன் 1 முதல் அது 20,000. இரண்டாம் வகை 5,000 முதல் 9,999 வரை இருந்தது, இனி 10,000 முதல் 19,999. மூன்றாம் வகை 3,000 முதல் 4,999 வரை இருந்தது, இனி 5,000 முதல் 9,999. எத்தனை வருடம் வேலை செய்யலாம் என்பதற்கும் கணக்கு வந்திருக்கிறது. முதல் இரண்டு வகைக்கு அதிகம் போனால் 10 வருடம், மூன்றாம் வகைக்கு 5 வருடம். இரண்டாம், மூன்றாம் வகையில் ஆள் எடுக்கிற நிறுவனம் சக்ஸஷன் பிளான் கொடுக்க வேண்டும். அதாவது, அந்த வேலைக்கு உள்ளூர்க்காரர் ஒருவரை எப்படித் தயார்செய்யப் போகிறோம் என்று எழுத்தில் காட்ட வேண்டும்.

இதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். கடைசியாக இந்த வரம்பு மாறியது 2017 செப்டம்பரில். அன்றைக்குத் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரிங்கிட், இன்றைக்கு 1,700. அடிமட்டச் சம்பளம் எழுபது விழுக்காடு ஏறிவிட்டது, நிபுணர் என்று சொல்லி அழைத்துவரும் ஆளின் சம்பள வரம்பு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. 3,000 வெள்ளி (ரிங்கிட்) என்பது கிட்டத்தட்ட இந்த நாட்டில் உழைக்கிறவர்களின் நடுவாந்திரச் சம்பளம். அந்தச் சம்பளத்துக்கு ஒருவர் கடல் கடந்து வருகிறார் என்றால், இங்கே யாரிடமும் இல்லாத அபூர்வத் திறமை அவரிடம் இருக்கிறது என்று எப்படி நம்புவது?

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், மென்பொருள் சோதனைப் பிரிவில் பாதிப்பேர் ஒப்பந்த ஊழியர்கள். எல்லாரும் இங்கே படித்தவர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. கொஞ்ச நாளில் அதே மேசைகளில் மூன்றாம் வகை பாஸில் வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் நம் ஆட்கள் வெளியே போனார்கள். வந்தவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர்களும் பிழைக்க வந்தவர்கள். இப்படிச் செய்ய நிறுவனத்துக்கு வழிவிட்ட அந்த 3,000 வரம்பின் மேல்தான் எனக்குக் கோபம்.

பிரிக்பீல்ட்ஸ்_வாழையிலை (திங்கள், இரவு 10.35)

தம்பி, கணினி நிறுவனங்களை மனத்தில் வைத்துச் சட்டம் போடுகிறார்கள், அடி விழுவது எங்கள் அடுப்பங்கரையில்.

என் கடையில் தலைமைச் சமையல்காரர் காரைக்குடிப் பக்கத்துக்காரர், மூன்றாம் வகை பாஸ். சம்பளம் 3,800, தங்குமிடமும் சாப்பாடும் கடைக் கணக்கு. விடியற்காலையில் வந்து மசாலா வறுக்கத் தொடங்குவார். மல்லியை எந்த நிறத்தில் இறக்குவது, மிளகாய் கருகாமல் எப்போது அடுப்பைத் தணிப்பது, கல்பாசியை எதற்குப் பிறகு போடுவது, எல்லாம் அவர் கைக்குத்தான் தெரியும். அவர் ஒரு வாரம் ஊருக்குப் போனால் வாடிக்கையாளர் மீன் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, 'ஆள் இல்லையா அண்ணே?' என்று கேட்கிறார்கள். இது திறமை இல்லையா? இவருக்கு ஜூனுக்குப் பிறகு 5,000 கொடுக்க வேண்டும். கடை வாடகை, கோழி விலை, எரிவாயு எல்லாம் ஏறின பிறகு, இலைச் சாப்பாட்டில் ஒரு வெள்ளி ஏற்றினாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள்.

உள்ளூர்ப் பிள்ளைகளை எடுக்கச் சொல்கிறீர்கள். வாசலில் பலகை மாட்டித்தான் வைத்திருக்கிறேன். வருகிற பையன் சூடு தாங்காமல் இரண்டாவது வாரம் டெலிவரி ஓட்டப் போய்விடுகிறான். 2018-ல் அன்றைய மனிதவள அமைச்சர் குலசேகரன், அடுத்த வருடத்திலிருந்து உணவகங்களில் உள்ளூர்ச் சமையல்காரர்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்று சொன்னபோது எவ்வளவு எதிர்ப்பு வந்தது, கடைசியில் அது கைவிடப்பட்டது. அன்றைக்கு நேரடியாகச் செய்ய முடியாததை இப்போது சம்பள வரம்பைக் காட்டிச் செய்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முடிதிருத்தும் கடை, ஜவுளிக் கடை, பொற்கொல்லர் பட்டறை, இந்த மூன்றுக்கும் 2009-லிருந்து அந்நியத் தொழிலாளர் எடுக்கத் தடை. 2023-ல்தான் 7,500 பேருக்கு அனுமதி கிடைத்தது. அத்தனை வருடத் தடையில் எத்தனை உள்ளூர் இளைஞர்கள் பொற்கொல்லர் ஆனார்கள்? எனக்குத் தெரிந்து பட்டறைகள்தான் மூடின.

நெறியாளர் (திங்கள், இரவு 10.50)

குழப்பம் வராமல் இருக்க ஒரு குறிப்பு. கடை அண்ணன் கடைசியில் சொன்ன மூன்று தொழில்களும் பிஎல்கேஎஸ் என்கிற தற்காலிக வேலை பாஸ் சம்பந்தப்பட்டவை. அதில் 18 முதல் 45 வயது, குறிப்பிட்ட நாடுகள், துறைக்கு ஏற்ற லெவி (அரசுக்குக் கட்டும் கட்டணம், சேவைத் துறைக்கு வருடம் 1,850 ரிங்கிட்) என்று வேறு விதிகள். ஜூன் 1 மாற்றம் அந்த பாஸைத் தொடவில்லை. அவருடைய தலைமைச் சமையல்காரர் எம்ப்ளாய்மெண்ட் பாஸில் இருப்பதால் அவருக்குப் பொருந்தும். உணவகங்களில் வேலை செய்கிற பெரும்பாலானவர்கள் பிஎல்கேஎஸ்.

ஜெலுத்தோங்_ஜீவா (திங்கள், இரவு 11.20)

அண்ணே, உங்கள் பலகையில் சம்பளம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறீர்கள்?

பிரிக்பீல்ட்ஸ்_வாழையிலை (திங்கள், இரவு 11.31)

1,800. சாப்பாடு இலவசம். மூன்று மாதம் நிலைத்து நின்றால் ஏற்றிக் கொடுப்பேன்மா.

பாயான்லெப்பாஸ்_மனிதவளம் (செவ்வாய், காலை 7.45)

பினாங்கிலிருந்து ஒரு பார்வை. ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் பல வருடமாக இருக்கிறேன், இந்த பாஸ் விண்ணப்பங்கள் என் கை வழியாகத்தான் போகின்றன.

தம்பி செந்தூல் சொன்னது கோலாலம்பூரில் உள்ள சேவை மையங்களுக்குப் பொருந்தலாம். இங்கே நிலைமை வேறு. 1972-ல் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள் வந்த காலத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நுண்ணோக்கியில் பார்த்துக் கம்பி இணைக்கிற வேலை. இன்றைக்கு எங்களுக்கு வேண்டியது சில்லு வடிவமைப்பு, சோதனை நிரல், செயல்முறைப் பொறியியல். 2024 மே மாதம் அறிவித்த தேசியக் குறைகடத்தி (செமிகண்டக்டர்) வியூகத்தில் 60,000 பொறியாளர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று அரசாங்கமே இலக்கு வைத்திருக்கிறது. ஆள் இருந்தால் அந்த இலக்கு எதற்கு? அந்த 60,000 பேர் உருவாகும்வரை யாராவது வேலையைச் செய்ய வேண்டுமே.

நாங்கள் வெளியிலிருந்து எடுப்பது நான்கைந்து வருட அனுபவம் உள்ளவர்களை, 7,000 அல்லது 8,000 ரிங்கிட்டுக்கு. இதுவரை இரண்டாம் வகை. ஜூனுக்குப் பிறகு அதே ஆள் மூன்றாம் வகை, ஐந்து வருடத்தோடு முடிந்தது. அப்படி ஒருவரிடம் 'குடும்பத்தோடு வாருங்கள்' என்று எப்படிக் கேட்பேன்? வீடு எடுத்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, நிமிர்ந்து பார்ப்பதற்குள் காலம் முடிந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு வருடம்வரை தங்கக்கூடிய புரொபஷனல் விசிட் பாஸ் இருக்கிறதல்லவா? அதில் வருகிறவருக்குச் சம்பளம் கொடுப்பது வெளிநாட்டு நிறுவனம், அதனால் இந்த வரம்பு அவருக்குப் பொருந்தாது. எந்திரம் நிறுவ வருகிறவர்களுக்காக உள்ள பாஸ் அது. இனி சில நிறுவனங்கள் அந்தப் பக்கம் சாயும். அப்படி வருகிறவர் உள்ளூர் ஆளுக்கு எதையும் சொல்லிக்கொடுக்க மாட்டார், வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார்.

செந்தூல்_தமிழன் (செவ்வாய், மதியம் 1.05)

அக்கா, ஒரு கேள்வி. அதே 8,000 ரிங்கிட்டை நான்கைந்து வருட அனுபவமுள்ள உள்ளூர்ப் பொறியாளருக்குக் கொடுக்க உங்கள் நிறுவனம் தயாரா?

ஏன் கேட்கிறேன் என்றால், என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அங்கே வெளிநாட்டுக்காரருக்கு எம்ப்ளாய்மெண்ட் பாஸ் வேண்டுமென்றால் 2025 ஜனவரியிலிருந்து குறைந்தது 5,600 சிங்கப்பூர் டாலர் சம்பளம் காட்ட வேண்டும், நம் காசில் 17,000-க்கு மேல். அந்தச் சம்பளத்தில் எங்கள் ஆட்களை எடுக்க அங்கே நிறுவனங்கள் இருக்கின்றன. பொறியாளர் இல்லை என்று இங்கே சொல்கிறோம், அவர்கள் ஜோகூர் பாலத்தைத் தாண்டி உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கே சம்பளம் ஏறாததற்கு ஒரு காரணம், ஏற்றாமலே வெளியிலிருந்து ஆள் கிடைத்தது.

பாயான்லெப்பாஸ்_மனிதவளம் (செவ்வாய், மதியம் 1.40)

கொடுக்கிறோம் தம்பி, 8,000 வாங்கும் உள்ளூர்ப் பொறியாளர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து ஆளாக்கினவரைச் சிங்கப்பூர் நிறுவனம் ஒரே அழைப்பில் தூக்கிக்கொண்டு போகிறது. அவர்களோடு போட்டி போடும் அளவுக்கு எங்களால் ஏற்ற முடியாது, நாணய மதிப்பு அப்படி. சக்ஸஷன் பிளானில் ஒரு உள்ளூர் ஆளின் பெயரை எழுதித் தருகிறேன் என்று வையுங்கள். அவர் அடுத்த வருடம் ராஜினாமா செய்தால், என் வெளிநாட்டுப் பொறியாளரின் பாஸையும் நிறுத்துவார்களா? அதற்கு யாரும் எனக்குத் தெளிவாகப் பதில் சொல்லவில்லை.

கும்பகோணத்தான் (செவ்வாய், மாலை 6.20)

நீங்கள் எல்லாரும் பேசுகிற அந்த இரண்டாம் வகைக்காரர்களில் நானும் ஒருவன். பாங்சார் சவுத்தில் வேலை, மென்பொருள் உருவாக்கம், சம்பளம் 8,200. மனைவி குடும்பத்தினருக்கான டிபெண்டன்ட் பாஸில் இருக்கிறார், மகள் மழலையர் பள்ளியில். என் பாஸ் வருடக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்கும்போது மூன்றாம் வகைக்கு இறங்கிவிடுவேன்.

செந்தூல் அண்ணனின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். குறைந்த சம்பளத்துக்கு வரவேண்டும் என்று ஆசைப்பட்டு நாங்கள் வரவில்லை. வந்த பிறகு சம்பளம் ஏறாமல் இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பாஸ் எங்கள் பெயரில் இருந்தாலும் அது கம்பெனியோடு கட்டப்பட்டது. வேறு வேலைக்குப் போக வேண்டுமென்றால் இந்த பாஸை ரத்து செய்து, புதிய கம்பெனி முதலிலிருந்து விண்ணப்பித்து, நடுவில் பழைய கம்பெனியிடம் விடுவிப்புக் கடிதம் வாங்க வேண்டும். எனக்குப் போன வருடம் வேறு ஒரு நிறுவனத்தில் 11,000-க்கு வேலை கிடைத்தது. விடுவிப்புக் கடிதம் கேட்டேன். 'புராஜெக்ட் முடியட்டும்' என்று இழுத்தார்கள். புதிய நிறுவனம் எவ்வளவு நாள் காத்திருக்கும்? வேறு ஆளை எடுத்துக்கொண்டது.

என் பக்கத்து மேசையில் ஒரு மலேசியத் தமிழர், அதே வேலை. அவர் சம்பள உயர்வு கேட்டார், கொடுக்கவில்லை, ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த இடத்துக்கு என்னைப் போல இன்னொருவரைக் கொண்டுவந்தார்கள். மேலாளருக்கு 500 வெள்ளி மிச்சம் என்பது பெரிய விஷயமில்லை. விட்டுவிட்டுப் போக முடியாத ஆள்தான் அவருக்கு வேண்டும். இதை மாற்றாமல் வரம்பை 10,000 ஆக்கினாலும் 20,000 ஆக்கினாலும், உள்ளூர்க்காரருக்கு முன்னால் எங்களைத்தான் எடுப்பார்கள்.

ஜெலுத்தோங்_ஜீவா (செவ்வாய், இரவு 8.15)

கும்பகோணத்து அண்ணன் சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பினாங்குப் பெண், மின்னணுவியல் படித்தேன், முடித்துச் சில மாதமாகிறது.

ஒரு பெரிய நிறுவனத்தில் பயிற்சி மாணவியாக இருந்தேன். வெளிநாட்டு நிபுணர் வைத்திருக்கிற நிறுவனங்கள் உள்ளூர் மாணவர்களுக்குப் பயிற்சி இடம் கொடுக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் ஒரு திட்டம் தொடங்கினார்கள், தெரியுமா? முதல் வகை நிபுணர் ஒருவருக்கு மூன்று மாணவர்கள், இரண்டாம் வகைக்கு இரண்டு, மூன்றாம் வகைக்கு ஒருவர். பட்டப்படிப்பு மாணவருக்கு மாதம் குறைந்தது 600 ரிங்கிட். நல்ல திட்டம் என்று நினைத்துத்தான் போனேன். எனக்குக் கொடுத்த வேலை, சோதனை முடிவுகளை ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு மாற்றுவது. சோதனை நிரல் எழுதுகிற பொறியாளர் எனக்கு எதிரிலேயே இருந்தார். நல்ல மனிதர், சென்னைக்காரர், கேட்டால் சொல்லிக்கொடுப்பார். ஆனால் அவர் நேரத்தை எனக்கு ஒதுக்க மேலாளர் விடவில்லை. பயிற்சிக் காலம் முடிந்தது, சான்றிதழ் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அடுத்த தொகுதி மாணவர்கள் வந்தார்கள்.

சக்ஸஷன் பிளானும் இப்படித்தான் ஆகும் என்று பயமாக இருக்கிறது. ஒரு பெயர் எழுதுவார்கள், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் கோப்பு மாற்றிக்கொண்டிருப்பார்.

அப்புறம், இன்னொன்றையும் யாராவது சொல்லத்தான் வேண்டும். நான் விண்ணப்பித்த பல இடங்களில் மண்டரின் பேசத் தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். அந்த வேலைகளுக்கு வெளிநாட்டுக்காரர் யாரும் போட்டியே இல்லை. செந்தூல் அண்ணே, வரம்பை எவ்வளவு ஏற்றினாலும் இந்தக் கதவு எங்களுக்குத் திறக்காது.

செந்தூல்_தமிழன் (செவ்வாய், இரவு 9.00)

ஜீவா, மண்டரின் விஷயம் உண்மை. அதற்குத் தனியாக ஒரு இழை தொடங்கினால் நானே முதலில் எழுதுவேன். ஆனால் இரண்டு கதவு பூட்டியிருக்கும்போது ஒன்றைத் திறக்கிறார்கள் என்றால், இன்னொன்றும் பூட்டித்தானே இருக்கிறது என்று இதை வேண்டாம் என்பேனா?

கும்பகோணத்து நண்பருக்கு: நீங்கள் சொன்னதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். பாஸைக் கம்பெனியிலிருந்து அவிழ்த்துவிட்டால் சம்பளம் தானாக ஏறும். ரெசிடென்ஸ் பாஸ் டாலண்ட் அப்படிப்பட்டதுதான். பத்து வருடம், ஆளின் பெயரில், வேலை மாறலாம், துணைவரும் வேலை செய்யலாம். ஆனால் அது மேல்மட்டத்தில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு. எல்லாருக்கும் அப்படிக் கொடுங்கள் என்று கேட்டால் நான் எதிர்ப்பேன். முதலில் சம்பள வரம்பு, அது நிலைத்த பிறகு மாறும் உரிமை. வரிசை இதுதான். தலைகீழாகச் செய்தால் 3,500-க்கு வந்தவர் இன்னொரு 3,600 வேலைக்குப் போவார், அங்கேயும் நம் ஆள் வெளியே நிற்பார்.

கெப்போங்_கணக்கர் (செவ்வாய், இரவு 10.25)

சின்ன நிறுவனங்களுக்குக் கணக்கும் கம்பெனி செக்ரட்டரி வேலையும் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள், ஜூனுக்குப் பிறகு நடைமுறையில் என்ன ஆகும் என்பதை.

வரம்பு ஏறும்போதெல்லாம் என்னிடம் வருகிற முதல் கேள்வி, 'சம்பளச் சீட்டில் 10,000 காட்டலாமா?' என்பதுதான். வங்கியில் 10,000 போடுவது, மூவாயிரத்தை ரொக்கமாகத் திரும்ப வாங்கிக்கொள்வது. சிலர் அலவன்ஸைச் சேர்த்துக் கணக்கு காட்டலாமா என்று கேட்கிறார்கள். அடிப்படைச் சம்பளம்தான் பார்க்கப்படும், வீட்டு அலவன்ஸும் கார் அலவன்ஸும் உதவாது. அந்த ரொக்க வேலையைச் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது: 1959/63 குடிநுழைவுச் சட்டத்தில் பொய்த் தகவலுக்குத் தண்டனை இருக்கிறது, என் கையெழுத்து இதில் வராது.

இதில் அடி வாங்குவது ஊழியர்தான். சீட்டில் 10,000 என்றால் மாதாந்திர வரிப்பிடித்தம் 10,000-க்குப் போகும், கையில் வருவது 7,000-க்கும் கீழே. முதல் வருடம் 182 நாள் இந்த நாட்டில் இல்லாவிட்டால் குடியிருப்பாளர் இல்லை என்று கணக்காகி, முழுச் சம்பளத்துக்கும் 30 விழுக்காடு வரி. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டு ஊழியர்களுக்கும் ஊழியர் சேமநிதி கட்டாயம், முதலாளி 2 விழுக்காடு, ஊழியர் 2 விழுக்காடு. அதுவும் காட்டிய 10,000-க்குத்தான் பிடிக்கும். கும்பகோணத்துத் தம்பி, உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மாட்டினால் பாஸ் போவது உங்களுக்கு.

அந்தச் சேமநிதிப் பதிவில் ஒரு நல்லதும் இருக்கிறது. உள்ளூர் ஆளைத் தயார்செய்கிறோம் என்று நிறுவனம் பெயர் கொடுத்தால், அந்த ஆள் உண்மையில் அங்கே வேலை செய்கிறாரா, அவர் சம்பளம் ஏறியதா என்று சேமநிதிப் பதிவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பாஸ் புதுப்பிக்கும்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும். ஜீவா சொன்ன கோப்பு மாற்றும் கதை அப்போது மறைக்க முடியாது. 600 ரிங்கிட் பயிற்சி மாணவரை வாரிசு என்று யாரும் காட்ட முடியாது.

பாயான்லெப்பாஸ்_மனிதவளம் (புதன், காலை 7.50)

கணக்கர் சொன்னது நியாயம். ஆனால் நான் முன்பு கேட்டதற்குப் பதில் வேண்டும். பெயர் எழுதின ஆள் சிங்கப்பூர் போய்விட்டால்? நேர்மையாகப் பயிற்சி கொடுத்த நிறுவனமும், பெயருக்கு எழுதின நிறுவனமும் காகிதத்தில் ஒரே மாதிரி தெரியும். ஆள் மாறினால் ஆறு மாதத்துக்குள் வேறு ஆளை நியமித்துக் காட்டலாம் என்று ஒரு வழி வைக்க வேண்டும். இல்லையென்றால் பினாங்கில் புதிய உற்பத்தி வரிசை தொடங்க நினைக்கிற நிறுவனம் வியட்நாம் பக்கம் பார்க்கும். எங்கள் தலைமையகத்தில் அந்தப் பேச்சு நடக்காமல் இல்லை.

கும்பகோணத்தான் (புதன், காலை 8.30)

எங்கள் கம்பெனிக்குச் சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது. 'உனக்கு 10,000 கொடுக்க முடியாது, அங்கே போய் இதே வேலையைச் செய்' என்று என் மேலாளர் இப்போதே ஜாடையாகச் சொல்கிறார். அப்படி நான் போனால் இங்கே ஒரு மலேசியருக்கு வேலை கிடைக்காது அண்ணே, வேலையே போய்விடும். நான் கட்டுகிற வாடகை, மகளின் பள்ளிக் கட்டணம், பிரிக்பீல்ட்ஸ் அண்ணன் கடையில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, எல்லாம் அதோடு போகும்.

செந்தூல்_தமிழன் (புதன், மதியம் 12.50)

சென்னைக்கு அனுப்பக்கூடிய வேலையாக இருந்தால் உங்களுக்கு 8,200 கொடுக்கும்போதே அனுப்பியிருப்பார்கள் நண்பரே. இன்னும் இங்கே வைத்திருப்பதற்கு ஏதோ காரணம் இருக்கிறது. வாடிக்கையாளர் இங்கே இருக்கலாம், வங்கி விதி இருக்கலாம். அந்த மிரட்டலை 1,700 குறைந்தபட்சச் சம்பளம் வந்தபோதும் கேட்டோம், 1,500 வந்தபோதும் கேட்டோம்.

அக்கா சொன்ன ஆறு மாத வழி எனக்குச் சம்மதம். ஆனால் ஒரு நிபந்தனை. இரண்டு முறை ஆள் மாறினால், அந்த இடத்துக்குக் கொடுக்கிற சம்பளத்தை நிறுவனம் வெளியில் சொல்ல வேண்டும். ஏன் போகிறார்கள் என்று அப்போது எல்லாருக்கும் தெரியும்.

பாயான்லெப்பாஸ்_மனிதவளம் (புதன், மதியம் 1.15)

சம்பளத்தை வெளியில் சொல்வதற்கு எந்த நிறுவனமும் ஒப்பாது தம்பி. நானும் ஒப்பமாட்டேன். அதிகாரியிடம் மட்டும் காட்டலாம்.

ஜெலுத்தோங்_ஜீவா (புதன், மாலை 5.40)

அதிகாரியிடம் காட்டினால் போதும் என்றுதான் பயிற்சித் திட்டத்திலும் விட்டார்கள் அக்கா. மாணவர்களிடம் வந்து யாரும் கேட்கவில்லை. பெயர் எழுதப்பட்ட உள்ளூர் ஊழியருக்கே அந்தத் திட்டத்தின் ஒரு நகல் கொடுக்க வேண்டும், அதில் அவர் கையெழுத்து இருக்க வேண்டும். எந்த மாதம் எந்த வேலையைத் தன் கையில் வாங்கப் போகிறோம் என்று அவருக்குத் தெரிந்தால், நடக்காதபோது அவரே கேட்பார். எனக்கு அப்படி ஒரு காகிதம் இருந்திருந்தால் மேலாளரின் கதவைத் தட்டியிருப்பேன்.

பிரிக்பீல்ட்ஸ்_வாழையிலை (புதன், இரவு 11.05)

கடை மூடிவிட்டு வந்து எல்லாவற்றையும் படித்தேன். கணக்கர் ஐயா, என் சமையல்காரர் பாஸ் ஆகஸ்டில் முடிகிறது. எனக்கு நேராக ஒரு பதில் சொல்லுங்கள், என்ன செய்ய வேண்டும்?

கெப்போங்_கணக்கர் (வியாழன், காலை 9.20)

அண்ணே, ஜூன் 1 முதல் போடுகிற விண்ணப்பம் புதியதோ புதுப்பிப்போ, புதிய வரம்புதான். அதனால் 5,000 அடிப்படைச் சம்பளம், அவருக்கு அடுத்ததாக ஒரு உள்ளூர் ஆளின் பெயர், இந்த இரண்டும் இல்லாமல் நகராது. தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் சம்பளமாகக் காட்ட முடியாது. இப்போது அறைக்கு நீங்கள் கொடுக்கிற வாடகையை நிறுத்தி, அதைச் சம்பளத்தில் சேர்ப்பது பற்றி அவரிடம் பேசுங்கள். அவர் ஒத்துக்கொண்டால் உங்கள் கூடுதல் செலவு பாதியாகும். ஒப்பந்தத்தையும் மாற்றி எழுத வேண்டும், நான் பார்த்துத் தருகிறேன். உள்ளூர் ஆளைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

செந்தூல்_தமிழன் (வியாழன், காலை 10.05)

அண்ணே, பலகையில் 1,800 என்பதை அழித்துவிட்டு 2,600 என்று எழுதுங்கள். சமையல்காரர் பக்கத்தில் நின்று மசாலா கற்றுக்கொள்ளும் வேலை, வருடா வருடம் இவ்வளவு ஏறும் என்றும் சேர்த்து எழுதுங்கள். செந்தூலில் எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டுச் சும்மா இருக்கிற இரண்டு பையன்களை எனக்குத் தெரியும், ஒருவனுக்குச் சமையலில் உண்மையான ஆசை உண்டு. அனுப்பட்டுமா?

பிரிக்பீல்ட்ஸ்_வாழையிலை (வியாழன், மதியம் 3.30)

2,600 எனக்குக் கட்டாது தம்பி. 2,200 தருகிறேன், ஆறு மாதத்தில் பார்த்து ஏற்றுகிறேன். இந்தச் சட்டம் சரி என்று நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பையனைத் திங்கட்கிழமை காலை வரச் சொல்லுங்கள், கடை திறக்கும் முன்னால்.